கோட்டில் பிறந்த பிள்ளை

தமிழ் நாவலைப் பெற்றது யார் என்று கேட்டால் பண்டிதர்கள் சரஸ்வதியைக் காட்டுவார்கள். நம்பவேண்டாம். அது கோடு கச்சேரியில் பிறந்த பிள்ளை. 1879இல் பிரதாப முதலியாரைப் பெற்ற வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். 1885இல் அசன்பேயைப் பெற்ற முகம்மது காசிம் சித்திலெப்பை கண்டியில் பிறக்கிராசி. நாள் முழுக்கப் பொய்ச்சாட்சி கேட்கிற மனிசனுக்குக் கதை கட்ட வேறு வாத்தியார் வேண்டுமா?

சித்திலெப்பை சும்மா இருக்கத் தெரியாத ஆள். வழக்குப் பேசினார், பள்ளிக்கூடம் தொடங்கினார், 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை நடத்தப் புறப்பட்டார். இதைச் சொன்னால் கொம்பனித்தெருவில் பிளேன்டீ குடிக்கிற மலாய்க்கார நானா சிரிப்பார். அவர்களுடைய பாபா ஊனுஸ் சல்தீன் 1869இலேயே கொழும்பில் மலாய்ப் பத்திரிகை போட்டுவிட்டார். கண்டியார் வந்தது பதின்மூன்று வருஷம் பிந்தி!

1883இல் வெள்ளைக்காரன் எகிப்தின் அராபி பாஷாவை நாடுகடத்திக் கொழும்பில் இறக்கினான். தண்டனை அவருக்கு, கொண்டாட்டம் எங்களுக்கு. சித்திலெப்பை அவரோடு சிநேகமானார். இரண்டு வருஷத்தில் நாவல் ரெடி. கெய்ரோவில் ஒரு பாஷாவின் பிள்ளை களவு போகிறது, பம்பாயில் வளர்கிறது, கல்கத்தாவில் படிக்கிறது, எகிப்துக்குத் திரும்பி ‘பே’ ஆகிறது.

இவ்வளவு தூரம் அலைந்த பிள்ளையை எங்கள் கொம்பனித்தெருப் பக்கம் ஒரு நடை கூட்டிவந்திருக்கலாம். ஒல்லாந்தக் கொம்பனி அடிமைகளை அடைத்துவைத்த இடம், சுற்றிவர வாவி, ஜாவாவிலிருந்து வந்தவர் 1786இல் கட்டிய வேகந்தைப் பள்ளிவாசல். கதைக்கா பஞ்சம்? பிறக்கிராசி கண்டுகொள்ளவில்லை. பின்னால் வந்தவர்களும் திருந்தவில்லை. திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை 1895இல் ‘மோகனாங்கி’ எழுதினார். கதை நடந்தது தஞ்சாவூரில்.

சும்மா சொல்லக்கூடாது, ஜப்பானை நாங்கள் முந்திவிட்டோம். அவர்களுடைய முதல் நவீன நாவல் என்று பேர்பெற்ற ஃபுதபதேயின் ‘உகிகுமோ’ வரத் தொடங்கியதே 1887இல்தான். அதன் நாயகன் கந்தோர் வேலை பறிபோய், காதலைச் சொல்லவும் வாய் வராமல் மாடியறையில் தவிக்கிறவன். எங்கள் அசன் கப்பலேறி ஊர் ஊராகச் சுற்றியவன். யாருக்கு இலக்கியம், யாருக்குப் பயணச்சீட்டு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சித்திலெப்பை 1898இல் மௌத்தானார். ஈழத்து மண்ணில் நடக்கிற முதல் நாவல் என்று சொல்லப்படும் சின்னப்பபிள்ளையின் ‘வீரசிங்கன்’ 1905இல் வந்தது. கதை ஒருவழியாக வீடு திரும்பிய அதே வருஷம், அப்துல் காதர் என்ற அப்புக்காத்து துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தொப்பியைக் கழற்று என்றார் பிரதம நீதியரசர். அப்துல் காதர் மறுத்தார். ஊரெல்லாம் கூட்டம், கொந்தளிப்பு.

கோட்டிலிருந்து புறப்பட்டு எகிப்துவரை போன கதை, தலையில் தொப்பியோடு மறுபடி கோட்டுக்கே வந்து நின்றது. எழுதத்தான் பிறக்கிராசி இல்லை.