பனியில் 244 கிலோமீற்றர்

கேள்வி: இறம்பொடை ஏற்றத்தில் சைக்கிள் மிதித்தாலே எங்களுக்கு நாக்குத் தள்ளுகிறது. ஒரே நாளில் நடக்கும் சைக்கிள் பந்தயங்களில் உங்களை மலைக்க வைத்தது எது?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: சந்தேகமே இல்லை, 1980 ஏப்ரல் 20 அன்று பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ். 1892-இல் தொடங்கிய கிழட்டுப் பந்தயம் அது. உயரத்தில் நீங்கள்தான் ராஜா: பெல்ஜியத்தின் உச்சியே 694 மீற்றர், நுவரெலியாவோ 1,868! ஆனால் அங்கே ஒரு செங்குத்தில் ஏறி மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

அன்று புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே பனி கொட்டியது. கிளம்பியவர்கள் 174 பேர். பாதி வழியிலேயே ஆட்கள் கொத்துக் கொத்தாக விலகினார்கள். பிரான்சின் பெர்னார் இனோ, சிவப்புக் குல்லாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு மிதித்தார். பனி மழையாக மாறியதும் மழைக்கோட்டைக் கழற்றி எறிந்தார். கடைசி 80 கிலோமீற்றர் தூரம் தன்னந்தனி. இரண்டாவதாக வந்த ஹென்னி கைப்பர் கோட்டைத் தொட 9 நிமிடம் 24 விநாடி பிந்தியது. கடைசிவரை ஓட்டி முடித்தவர்கள் 21 பேர்தான்.

இனோவின் வலக்கை விரல்கள் இரண்டு மரத்துப்போயின. குளிர் பட்டால் அவை பின்னாளிலும் வலித்தன. தை மாத உறைபனியில் கொழுந்து கருகுவதைக் கண்டவர்கள், விடியலில் விறைத்த விரலோடு மலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் நீங்கள். அந்த வலியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் இனோ உலகச் சாம்பியனும் ஆனார்.