தாத்தா காதில் இயர்போன்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் கீரப்பாளையம், புவனகிரி, சிதம்பரம் வட்டாரத்துப் பெரியவர்களுடையது. எல்லாருக்கும் ஒரே வியாதி: புதுப் பாட்டு பிடித்துப்போய்விட்டது. வெளியே சொல்ல வெட்கம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பதில்காரரும் அந்த வயதுக்காரர்தான் என்பதால் பாரபட்சம் நிச்சயம் உண்டு. அவருடைய எல்.ஆர். ஈஸ்வரிப் பித்தும் வழக்கம்போல் நடுவில் தலைகாட்டும். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள், புதியவர்கள் பழகிக்கொள்வார்கள்.

கே: பேத்தியின் போனில் 'என்ஜாய் எஞ்சாமி' கேட்டதிலிருந்து தினமும் நாலு தடவையாவது போடச் சொல்கிறேன். 'எழுபது வயசுல இது தேவையா?' என்கிறாள் வீட்டுக்காரி. (விவசாயி, கீரப்பாளையம்)

ப: அந்தப் பாட்டைக் கேட்க எழுபதுதான் சரியான வயது. பேத்திக்குத்தான் இன்னும் வயது வரவில்லை.

2021 மார்ச்சில் வந்த பாட்டு. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் என்று மூன்று பேர். யாருக்கு எவ்வளவு பெருமை என்று பிற்பாடு பெரிய தகராறே நடந்தது. பதில்காரர் அந்த வரப்பில் கால் வைக்கமாட்டார். அவர் பார்ப்பது நாலாவது ஆளை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள், வீடியோவிலேயே வருகிறார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே திரும்பியவர். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. ஆளைக் கணக்கெடுத்தார்களே ஒழிய, அவர்களோடு சேர்ந்து கப்பலேறிய பாட்டை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. அந்தப் பாட்டுதான் பேரன் வாயில் முளைத்திருக்கிறது.

இடிக்கிற தாளத்துக்கு நடுவே ஒப்பாரி வருகிறதே, கவனித்தீர்களா? உங்கள் கால் தானாக ஆடுவது புதுமையில் மயங்கி அல்ல. நாற்றங்காலிலும் இழவு வீட்டிலும் வளர்ந்த காது, சொந்தக்காரரை அடையாளம் கண்டுகொண்டது. இதை வீட்டுக்காரியிடம் சொல்லிப் பாருங்கள். ஐந்தாவது தடவை அவரே போடச் சொல்வார்.

கே: நல்ல ஹெட்போன் எது?

ப: பேரன் பள்ளிக்கூடம் போகும்போது மறந்து வைத்துவிட்டுப் போனது.

கே: பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கோளாறு என் காதிலா, அவர்கள் வாயிலா? (ஓய்வுபெற்ற தபால்காரர், புவனகிரி)

ப: பங்காளிகள் மாதிரி இருவரும் பாதிப் பாதி.

சின்ன வயதில் காது நொடிக்கு 20,000 அதிர்வுவரை கேட்கும். வயதாக ஆக மேலேயிருந்து ஒவ்வொரு படியாகக் கழன்று விழும். 'ஸ', 'ஷ', 'ஃப' மாதிரியான சத்தங்கள் குடியிருப்பது அந்த மேல்மாடியில்தான். கீழ்த்தளத்தில் இருக்கும் டமடமவுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் ஆகாது. அதனால் தாளம் முழுசாக வந்து சேர்கிறது, வார்த்தை வழியிலேயே தொலைகிறது. தபால்காரருக்கு இது புரியாததா என்ன?

மீதிப் பாதி அவர்கள் வாய். 2022-இல் வந்த 'அரபிக் குத்து' நினைவிருக்கிறதா? சிவகார்த்திகேயன் எழுதியது. அரபி மாதிரிக் காதில் விழ வேண்டும் என்று கோத்த சத்தங்கள்தான் அதில் பாதி. அதைப் புரியவில்லை என்று காது டாக்டரிடம் போனவர்கள் யாராவது இருந்தால், பீஸைத் திரும்பக் கேட்க உரிமை உண்டு.

கே: சினிமாப் பாட்டை, அதுவும் இந்தக் காலத்துச் சினிமாப் பாட்டை, தமிழ் படித்தவன் ரசிக்கலாமா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அண்ணாமலை நகர்)

ப: ஐயா, இந்தக் கேள்விக்காகப் பதில்காரர் ரொம்ப நாளாகக் காத்திருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைவிடத் தமிழ் படித்தவர் உங்கள் தெருவில் இருக்கிறாரா?

கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை அச்சுப் போட நினைத்தார். காரைக்காலில் சீசையா என்ற பிரெஞ்சு அதிகாரி கைகொடுக்க முன்வந்தார். அதற்கு முன் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வாங்கிவிட வேண்டும் என்று பாரதியார் நடையாய் நடந்தார். பிள்ளை பிடிகொடுக்கவில்லை. புத்தகத்தில் இலக்கணப் பிழைகள். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் வேறு புதிதாக முளைத்திருக்கிறார். இன்று வா, நாளை வா.

ஒரு நாள் மத்தியானம் பிள்ளை உண்ட களைப்பில் படுத்திருந்தார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து, நேரம் போகட்டும் என்று தம் பாட்டு ஒன்றைத் தமக்குள்ளே பாடத் தொடங்கினார். உள்ளே விழித்துக்கொண்டவர் எழுந்து வரவில்லை, படுத்தபடியே கேட்டார். கேட்கக் கேட்க மனம் இளகியது. வெளியே வந்து பாயிரத்தைக் கொடுத்துவிட்டார். புத்தகம் 1861-இல் வந்தது. சொன்னவர் பிள்ளையின் சீடர் உ.வே. சாமிநாதையர், ஆகையால் அப்பீல் கிடையாது.

இத்தனைக்கும் அதே பிள்ளை, சீடன் சாமிநாதன் அதே பாரதியாரிடம் சங்கீதம் பழகப் போகிறான் என்று தெரிந்ததும், பாட்டில் பழகினால் இலக்கண இலக்கியத்தில் புத்தி செல்லாது என்று நிறுத்தியவர். சீடனுக்குத் தடை, குருவுக்குக் கண்ணீர். எந்த வீட்டில்தான் பெரியவர்கள் இப்படி இல்லை?

உங்கள் வாசலிலேயே இன்னொரு சாட்சி. தமிழில் பாடினால் கச்சேரியின் தரம் குறையும் என்று கனவான்கள் சிலர் மூக்கைச் சுளித்த காலத்தில்தான், 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. அன்றைக்குத் தமிழ்ப் பாட்டே சிலருக்கு வேண்டாத புதுப் பழக்கம். ரசியுங்கள் ஐயா. இலக்கணப் பிழை கண்ணில் பட்டால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பாட்டு முடிந்த பிறகு திருத்தலாம்.

கே: எல்.ஆர். ஈஸ்வரி பற்றி இந்த வாரம் ஏதாவது உண்டா?

ப: கேட்காவிட்டாலும் உண்டு. 1968-இல் 'பணமா பாசமா'வில் இலந்தப்பழம் விற்றார். கிளப் டான்ஸ் பாட்டென்றால் கூப்பிடு அவரை என்றிருந்த நாட்களில், வீட்டுப் பெரியவர்கள் ரேடியோவை அணைத்தார்கள். அந்தப் பெரியவர்களே பிற்பாடு ஆடி மாதத்தில் கூழ் வாங்க வரிசையில் நின்றபோது, மாரியம்மன் கோயில் குழாயில் அதே குரல். கைகூப்பினார்கள். 2011-இல் 'ஒஸ்தி' படத்தில் 'கலாசலா' பாடியபோது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. எழுபது வயதில் பாடுவதற்கே ஒரு தடையும் இல்லை, கேட்பதற்கு என்ன கேடு?

கே: இப்போது பாடுகிறவர்கள் யாருக்கும் சுருதி கிடையாது, எல்லாம் மெஷின் என்கிறார் என் மச்சான். உண்மையா? (நெய்வேலி)

ப: மெஷின் இருப்பது உண்மை. ஆண்டி ஹில்டிபிராண்ட் என்ற அமெரிக்கர் அதற்கு முன் பார்த்த உத்தியோகம், பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வருவதைக் கணக்குப் போட்டு எண்ணெய் எங்கே என்று சொல்வது. அதே மாதிரிக் கணக்கைத் தொண்டைக்குப் போட்டார். 1997-இல் சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் பிறந்தது. இத்தனை வருஷமாக நிலக்கரி தோண்டும் ஊரில் இருந்துகொண்டு உங்கள் மச்சானுக்கு அந்த யோசனை வராமல் போனதுதான் வருத்தம்.

அவரிடம் இதையும் சொல்லுங்கள்: 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்தது. சுருதியைக் கெடுக்கும் பெட்டியாம்! முப்பது வருஷம் கழித்துத்தான் மனம் இரங்கியது. கெடுக்கிற பெட்டியும் ஆகாது, திருத்துகிற பெட்டியும் ஆகாது என்றால் மச்சான் வெறும் தம்பூராவோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

கே: ராப் என்பது பாட்டா, பேச்சா?

ப: தெருக்கூத்தில் கட்டியங்காரன் மூச்சு விடாமல் அடுக்கியபோது விடிய விடிய உட்கார்ந்து கேட்டீர்களே, அன்றைக்கு இந்தச் சந்தேகம் எங்கே போயிற்று? 1994-இல் 'காதலன்' படத்துப் 'பேட்டை ராப்'பில் சேர்ந்து பாடியவர்களில் ஒருவர் நாட்டுப்புறப் பாடகி தேனி குஞ்சரம்மாள். பாட்டுக்காரருக்கே சந்தேகம் வரவில்லை.

கே: 'மனசிலாயோ' பாட்டில் செத்துப்போன மலேசியா வாசுதேவன் பாடுகிறார் என்கிறான் பேரன். கதை விடுகிறானா?

ப: இல்லை. 2011-இல் மறைந்தவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் கட்டி, 2024-இல் 'வேட்டையன்' படத்துக்காக அனிருத் பாட வைத்தார். மகன் யுகேந்திரனும் அதே பாட்டில் பாடுகிறார். அந்த வருஷ ஆரம்பத்தில் 'லால் சலாம்' படத்தில் சாகுல் ஹமீது, பம்பா பாக்கியா இருவர் குரலையும் ரகுமான் இப்படிக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். கேட்டுச் செய்தால் ஆட்சேபம் குறைவு, அவ்வளவுதான். முழுசாகப் போய்விடவில்லை. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் 'சுராங்கனி' பாடிய அந்தக் குரலில் ஒரு குறும்பு இருந்தது. அது ஆசாமி அந்த நேரத்துக்குச் செய்தது. கம்ப்யூட்டருக்குக் குரல் கிடைத்துவிட்டது, குறும்பை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பாட்டு வந்தால் பதில்காரரின் கால் ஆடுகிறது. கால் சொல்பேச்சு கேட்பதில்லை.

கே: அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. பழைய பாட்டு எதுவும் கேட்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் 'கட்சி சேர' என்று ஒன்று போட்டுக் காட்டினாள். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 'துக்கம் நடந்த வீட்டில் இதென்ன?' என்கிறார்கள். (பெயர் வேண்டாம், சிதம்பரம்)

ப: அம்மா, இதில் விளையாட்டு இல்லை.

பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுகள்தான் மனிதருக்குக் கடைசிவரை ஆழமாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைவை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். கல்யாணம், முதல் சினிமா, முதல் குழந்தை எல்லாம் பெரும்பாலும் அந்த வயதில்தான். ஆகவே உங்களுக்குப் பழைய பாட்டு எதைப் போட்டாலும் அதில் அவர் உட்கார்ந்திருப்பார். சாய் அபயங்கர் 2024-இல் போட்ட பாட்டில் அவர் இல்லை. யாரும் இல்லை. காலியாக இருக்கும் அந்தச் சில நிமிஷம் உங்களுக்குத் தேவைப்படுகிறது. அவரை மறந்துவிட்டதற்கு அது அடையாளம் ஆகாது. மறந்திருந்தால் பழைய பாட்டையே சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பழையவற்றைக் கேட்கும் நாள் வரலாம். வராமலும் போகலாம். அவசரம் ஒன்றும் இல்லை. இயர்போன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே போடுங்கள். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இன்னும் நாலு பாட்டு கேட்டு வாங்குங்கள்.

கே: வீராணம் ஏரித் தண்ணீர் 2004-இலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. பதிலுக்குச் சென்னையிலிருந்து நமக்கு என்ன வருகிறது?

ப: கானா. கோடையிலும் நிற்பதில்லை.