பெருவண்டி இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

ஏழு பேர் ஏறும் வண்டி யாது, அதை ஒப்பிடுவோர் எத்தனை வகையர், ஒப்பிட்ட பின்னும் வீட்டில் சண்டை ஓயாதது என்னை என்னும் மூன்றையும் உணர்த்துதல் நுதலிற்று இந்நூல். எடுத்துக்காட்டுக்குக் கொண்டவை மஹிந்திராவின் எக்ஸ்யூவி 700, டாடாவின் சஃபாரி ஆகிய இரண்டு. இரண்டும் 2021இல் விற்பனைக்கு வந்தவை. சஃபாரி என்னும் பெயர் 1998 முதல் உண்டு. பழையது தனிச் சட்டகத்தின் மேல் உடலை ஏற்றி, பின் சக்கரத்தால் உந்திய வண்டி. புதியது உடலும் சட்டகமும் ஒன்றாகி, முன் சக்கரத்தால் இழுக்கும் வண்டி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தல் நம் வழக்கம் ஆதலின் இது வழுவன்று.

நூல் கேட்டற்கு உரியோர் மூவர்: கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவர், அவருக்கு யோசனை சொல்ல வந்தவர், கடைசி வரிசையில் உட்காரப் போகிறவர். மூன்றாமவரை இதுவரை எந்த நூலும் அழைத்ததில்லை.

1. பெயரியல்

*நீளமும் எந்திரமும் நிலத்திடை வெளியும்*
*ஓதிய அளவின் ஓங்கின் பெருவண்டி.*

உரை: எஸ்யூவி எது என்று விளம்பரம் சொன்னால் நம்பாமல் இருக்கலாம், வரி போடுகிறவர் சொன்னால் நம்பியே தீர வேண்டும். 2023 ஜூலையில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் வகுத்த அளவு இது: நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல், எந்திரம் 1,500 சிசிக்கு மேல், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடைவெளி 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். எந்தப் பெயரில் அழைத்தாலும் இந்த அளவு இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார்கள். "எங்களுடையது எம்பிவிங்க, குடும்ப வண்டி" என்று ஒதுங்கி நின்றவையும் வலையில் விழுந்தன. அன்று 28 சதவீத வரியும் அதன்மேல் 22 சதவீத செஸ்ஸும். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய் ஒரே 40 சதவீதம்.

அந்த 170 மில்லிமீட்டரை ஆள் ஏறாதபோது அளக்க வேண்டும் என்பதும் கவுன்சிலின் விளக்கம். ஏறிய பின் அளந்தால் ஆகாதோ எனின், ஆகாது. நம் வீட்டார் ஏறி அமர்ந்தபின் அளந்தால் பாதி வண்டிகள் வரியிலிருந்து தப்பிவிடும்.

இவ்வரையறையில் இருக்கை என்ற சொல்லே வாராமை காண்க.

2. அளவியல்

*விரற்கடை ஒன்றரை மிகினும் குறையினும்*
*விடியும் அளவும் விவாதிக்கப் படுமே.*

உரை: எக்ஸ்யூவியின் நீளம் 4,695 மில்லிமீட்டர், 2023இல் புதுப்பித்த சஃபாரி 4,668. வேறுபாடு 27, அதாவது ஏறக்குறைய ஒன்றரை விரற்கடை. வீல்பேஸில் வேறுபாடு வெறும் 9. சஃபாரி அகலத்தில் 32, உயரத்தில் 40 மிகுந்தது. எக்ஸ்யூவியின் 2.2 லிட்டர் டீசல் உயர் ரகங்களில் 185 குதிரைத்திறன். ஃபியட் குடியில் பிறந்த சஃபாரியின் 2 லிட்டர் டீசல் 170. ஒப்பிடுவோர் இரவு பதினொன்றுக்கு மேல் பேசுவதெல்லாம் இந்தப் பதினைந்து குதிரைகளைப் பற்றியே.

நட்சத்திரம் தனியே ஆராயத்தக்கது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எக்ஸ்யூவி 2021இல் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும் குழந்தைக்கு நான்கும் பெற்றது. சஃபாரி 2023இல் இரண்டிலும் ஐந்து. இதை வைத்து மார்தட்டுவோர் ஒன்றை மறப்பர்: 2022இல் அச்சோதனையின் விதிகள் கடுமையாக்கப்பட்டன. இரண்டும் எழுதியது வேறு வேறு வினாத்தாள். மேலும், அங்கே பெரியவர் பொம்மைகள் முன் இருக்கையிலும் குழந்தைப் பொம்மைகள் இரண்டாம் வரிசையிலும் அமர்த்தப்படும். மூன்றாம் வரிசையில் பொம்மைகூட உட்காருவதில்லை.

3. ஒப்புநரியல்

*தாளோர் திரையோர் கணக்கோர் கூரையோர்*
*பெரியப்பா எனப் பெறும் ஐவர் ஒப்புநர்.*

உரை: தாளோர் இரண்டு புரோஷரையும் விரித்துவைத்துப் பேனாவால் டிக் அடிப்பவர். டிக் அதிகம் பெற்ற வண்டி வெல்லும். கப் ஹோல்டருக்கும் ஏர்பேக்குக்கும் ஒரே ஒரு டிக்தான்.

திரையோர் யூடியூப் பார்த்துத் தெளிந்தவர். வண்டியில் ஏறாமலே "பாடி ரோல் கொஞ்சம் இருக்கு" என்பர்.

கணக்கோர் இருவகையர். முதல் வகை "எவ்ளோ கொடுக்குது?" என்று மட்டுமே கேட்கும்; மைலேஜ் என்ற சொல் சொல்லாமலே பெறப்படும். இரண்டாம் வகை ஆன்ரோடு விலை பார்க்கும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்தைத் தாண்டிய காருக்குச் சாலைவரி 18 சதவீதத்திலிருந்து 20க்கு ஏறும். மேல் ரகத்துக்கு ஆசைப்பட்டு அந்தக் கோட்டைத் தாண்டுவோர், கூட்டிய தொகைக்கு மட்டுமன்றி மொத்த விலைக்கும் கூடுதல் வரி கட்டுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பவர் இவரே. இவரை யாருக்கும் பிடிக்காது.

கூரையோர் பிள்ளைகள். சன்ரூஃப் இருந்தால் வண்டி, இல்லையேல் அது வண்டியே அன்று.

ஐந்தாமவர் பெரியப்பா. எதை எதனோடு ஒப்பிட்டாலும் "பேசாம இன்னோவா எடுத்துருங்கப்பா" என்பார். ஏன் என்று கேட்டால், "சொல்றேன்ல" என்பார்.

4. வரிசையியல்

*முன்வரி இருந்து முடிவு செய்வோர்*
*பின்வரி இருப்போர் பேச்சுக்கு ஆளாவர்.*

உரை: கோவை அவிநாசி சாலை ஷோரூம் ஒன்றில் நிகழ்வதை நோக்குக. அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் விற்பனைத் தம்பி. அம்மாவும் மகளும் நடு வரிசையில். மூன்றாம் வரிசை தரையோடு மடங்கிக் கிடக்கிறது.

"பின்னாடி சீட்டு எப்படிப்பா?"

"சூப்பரா இருக்கும் சார். ஏசி வென்ட்டே இருக்கு."

பட்டையை இழுத்து இருக்கையை நிமிர்த்துகிறார்கள். பிளாஸ்டிக் உறை கிரீச்சிடுகிறது. நடு வரிசையை மடக்கி, அந்தச் சந்தில் பத்தாம் வகுப்புப் பையன் குனிந்து நுழைகிறான். பெல்ட்டின் பூட்டு தொடைக்கடியில் குத்துகிறது. அங்கே தரை உயர்ந்தும் இருக்கை தாழ்ந்தும் இருப்பதால் முழங்கால் நெஞ்சை நோக்கி வருகிறது.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குப்பா!"

இச்சாட்சி கொள்ளத்தக்கதன்று. இவன் கூரையோர் இனம். சன்ரூஃபுக்காக எதையும் சொல்வான். உண்மையில் அங்கே உட்காரப் போகிறவர் பழனிக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ போகும் நாளில் ஏறும் சித்தப்பா. அவரை யாரும் ஷோரூமுக்குக் கூப்பிடவில்லை.

இன்னொன்று. மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் டிக்கி சுருங்கும். ஏழு பேர் ஏறினால் ஏழு பேர் பைக்கு இடமில்லை; பொங்கல் பானையும் சாப்பாட்டுக் கூடையும் மடியில்தான் வரும். பைக்கு இடம் விட்டால் வண்டி ஐந்து பேருக்கு. ஆகவே ஏழு என்பது ஊர்வலத்துக்கு உரிய எண். பயணத்துக்கு உரியது ஐந்து.

ஈண்டுப் பெரியப்பாவின் கூற்றை மீண்டும் ஆராய்வோம். இன்னோவா ஹைகிராஸின் வீல்பேஸ் 2,850 மில்லிமீட்டர். எக்ஸ்யூவியினும் 100 மிகுதி. தாளோர் மல்லுக்கட்டும் 9 எங்கே, இந்த 100 எங்கே? கல்யாணம், காதுகுத்து, எழவு என்று வாடகை இன்னோவாவின் பின்வரிசையில் இருபது ஆண்டாகச் சுற்றிய உடம்பு அவருடையது. அரசும் ஆய்வுக்கூடமும் அளக்காததை அவர் முழங்காலால் அளந்திருக்கிறார். காரணம் சொல்லத் தெரியாமை அவர் குற்றமன்று.

5. புறனடை

*கடைவரி இருப்போன் கால்நீட்டி ஒப்பின்*
*அதுவே வண்டி, அல்லது விளம்பரம்.*

உரை: ஓட்டுகிற சுகத்துக்கே வாங்குவோர் எக்ஸ்யூவி கொள்க, அந்தப் பதினைந்து குதிரையும், வேண்டின் நாற்சக்கர இழுவையும் அதில் உண்டு. வளர்ந்த ஆள் அடிக்கடி பின்னால் ஏறும் வீட்டார் சஃபாரியை முதலில் பார்க்க. மிகுந்த 40 மில்லிமீட்டர் உயரத்தின் அருமை அங்கே உட்காரும் தலைக்கே தெரியும். எதுவாயினும் சித்தப்பாவை அழைத்துச் சென்று, பின்வரிசையில் ஏற்றி, அரைமணி நேரம் ஊரைச் சுற்றிவந்து, அவராக இறங்க முடிகிறதா என்று பார்த்தபின் முன்பணம் கட்டுக.

வீட்டில் நால்வரே எனில் இந்நூல் அவர்க்கு வேண்டா. நாலு மீட்டருக்குள் ஒன்றை வாங்கிக்கொண்டு, குலதெய்வத்துக்குப் போகும் நாளில் மட்டும் வாடகைக்கு ஓர் இன்னோவா சொல்லிவிடலாம். பெரியப்பாவும் மகிழ்வார்.