மாமியாருக்குப் பதில் இவர்

கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெருக்களில் ஒன்று. மே மாதம், காலை ஏழரை மணி. எங்கள் அடுக்ககத்தின் வாசலில் குப்பத்து மீன்காரம்மா கூடையை இறக்கி அரிவாள்மணையைப் போட்டுவிட்டார். மூன்றாம் மாடி சார் துணிப்பையோடு இறங்கி வருகிறார். தணிக்கைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கடவுளே எதிரில் வந்தாலும் வவுச்சர் கேட்பார்.

ஒரு பாம்புத் தொடரில் முந்தின இரவு பெரிய திருப்பம். தொடரின் பெயர் வேண்டாம். பாம்புத் தொடர் என்று ஒன்று இருந்தால் அதில் நாகம் என்றாவது ஒருநாள் மாமியாராக உருமாறியே தீரும். நெத்திலி வாங்கப் போன நான், பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன்.

மீன்காரம்மா: இன்னா சார், கண்ணு செவந்துகீது? நேத்து நீயும் பாத்தியா?

சார்: நான் எங்கம்மா பார்த்தேன்? வீட்டுல ஓடிட்டு இருந்தது. நான் பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தேன்.

மீன்காரம்மா: ராத்திரி ஒம்போது மணிக்கு பேப்பரு. சரி, சரி.

சார்: அதை விடுங்க. ஒரு நாகப்பாம்பு என்ன எடை இருக்கும்? ரெண்டு கிலோன்னே வச்சுக்குவோம். அது அறுபது கிலோ மாமியாரா மாறுது. பாக்கி ஐம்பத்தெட்டு கிலோ எந்தக் கணக்குல வரவு? கட்டியிருக்கிற பட்டுப்புடவை எங்கேருந்து வந்தது? பாம்புக்கு எந்த டெய்லர் அளவெடுத்து ஜாக்கெட் தைச்சான்?

மீன்காரம்மா: பொடவைல எனக்கு சந்தேகம் இல்ல சார். காபிலதான் சந்தேகம்.

சார்: காபியா?

மீன்காரம்மா: மாமியாரா மாறினதும் அந்தப் பாம்பு மொத வேலையா இன்னா பண்ணுச்சு? விடிகாலைல எழுந்து மருமவளுக்கு காபி போட்டு ரூமுக்கே கொண்டாந்து குடுத்துச்சு. அத்தினி நாளா அந்தப் பொண்ண கரிச்சுக் கொட்டின பொம்பள! அப்பவே கண்டுபுடிச்சிருக்க வேணாமா? வீடு முச்சூடும் ஆளுங்க. ஒர்த்தனுக்கும் தோணல.

சார்: அதைத்தான் நானும் சொல்றேன். லாஜிக்கே இல்லை.

மீன்காரம்மா: உன்னுது வேற லாஜிக்கு, என்னுது வேற லாஜிக்கு. பாம்பு பொம்பளையா ஆவலாம். அந்த மாமியா அப்டி ஆவ மாட்டா.

(எனக்கு முன்னால் நின்றிருந்த இரண்டாம் மாடி மருமகள் பலமாகத் தலையாட்டினார். அவருடைய மாமியார் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.)

சார்: லாஜிக்கை விடுங்க. கிராஃபிக்ஸையாவது ஒழுங்கா பண்ணக்கூடாதா? வால் ஒரு பக்கம் போகுது, அந்தம்மா வேற பக்கம் போறாங்க. குழந்தைகூட நம்பாது.

மீன்காரம்மா: நீ சூரசம்ஹாரம் பாத்திருக்கியா சார்?

சார்: திருச்செந்தூர்லயே பார்த்திருக்கேன். கடற்கரையில, கால் வைக்க இடமில்லாத கூட்டத்துல.

மீன்காரம்மா: சூரன் எப்டி உருமாறுவான்? ஆளுங்க மேல ஏறி யானைத் தலைய கழட்டிட்டு சிங்கத் தலைய மாட்டுவாங்க. அப்பால சூரன் தல. அப்பால மாமரம். அல்லாம் கண்ணு முன்னாலதான். கயித்த இழுக்கறது தெரியும், மாட்டறவன் வேர்வைய தொடைக்கறது தெரியும். அப்பவும் வேலு பாயும்போது உனுக்கு மயிர்க்கூச்சு எடுத்துச்சா, இல்லியா?

சார்: அது பக்தி.

மீன்காரம்மா: அது கத சார். கத நின்னா கயிறு தெரிஞ்சாலும் தேவல. கத படுத்துக்கினா வாலுக்குக் கோடி ரூவா செலவு பண்ணாலும் வாலு மட்டும்தான் ஆடும்.

சார்: சரி, இதுக்கு ஒரு பதில் சொல்றேன். அமெரிக்காவுல ‘சூப்பர்நேச்சுரல்’னு ஒரு தொடர். அண்ணன் தம்பி ரெண்டு பேர் கார்ல ஊர் ஊராப் போய் பேய் பிசாசை வேட்டையாடுவாங்க. 2005-ல வந்த ஆறாவது எபிசோட், பேரு ‘ஸ்கின்’. செயின்ட் லூயிஸ் நகரத்துப் பாதாளச் சாக்கடையில உருமாறி ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அண்ணனோட உருவத்தை எடுத்துக்கிட்டுக் கொலை பண்ணக் கிளம்புது. அதுதான் எழுத்து! அதுதான் தரம்!

மீன்காரம்மா: எப்டி மாறும் அது? மந்திரமா?

சார்: மந்திரமெல்லாம் கிடையாது. பழைய தோலை உரிச்சுப் போட்டுட்டுப் புது உருவம் எடுக்கும்.

மீன்காரம்மா: சட்டைய உரிக்குமா?

சார்: ஆமா.

மீன்காரம்மா: பொந்துக்குள்ள இருக்குமா?

சார்: பொந்து இல்லை, சாக்கடை.

மீன்காரம்மா: கண்ணு மின்னுமா?

சார்: கேமராவுல பார்த்தா மட்டும் பளிச்சுனு மின்னும்.

மீன்காரம்மா: அது பாம்புதான் சார். பேண்ட்டு போட்ட பாம்பு.

சார்: (சற்று நேரம் பேசவில்லை.) முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு. அது யாரோட உருவத்தை எடுக்குதோ அவங்களோட நினைப்பையும் எடுத்துக்கும். அண்ணன் மனசுல தம்பி மேல இருந்த ஆத்தாமையையெல்லாம் தம்பிகிட்டயே கொட்டித் தீர்க்கும்.

மீன்காரம்மா: இது ரைட்டு. இது நல்லாகீது. நம்ம பாம்புக்கு அந்த அறிவு இருந்திருந்தா காபி போட்டிருக்காது. எத்தினி வருசம் ஓடிச்சு அது?

சார்: 2020 வரைக்கும். பதினஞ்சு சீசன், 327 எபிசோட்.

மீன்காரம்மா: சன் டிவில நந்தினி 2017-ல ஆரம்பிச்சு மறு வருசக் கடைசில முடிச்சிட்டாங்க. தமிழு, கன்னடம், தெலுங்கு, மலையாளம் நாலுத்துலயும் அதே பாம்புதான் ஓடிச்சு. இழுக்கறது யாரு சார்?

சார்: பாம்பு எடுக்கணும்னா அந்தக் காலத்துல ஒரு முறை இருந்ததும்மா. ‘நீயா?’ படம், 1979. ஆண் பாம்பைக் கொன்னவங்க ஒவ்வொருத்தன்கிட்டயும் அவனவனுக்குப் பிடிச்ச பெண்ணோட உருவத்துல போய் நிக்கும் அந்த நாகம். கணக்குத் தீர்ந்ததும் படம் முடிஞ்சது. ஸ்ரீப்ரியா நடிச்சு அவங்களே தயாரிச்சது. இயக்கினவர் துரை. அதே வருஷம்தான் அவர் ‘பசி’யும் எடுத்தார். ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக் குடுத்த படம்.

மீன்காரம்மா: பசி எத்தினி தபா பாத்த?

சார்: ஒரு தடவை.

மீன்காரம்மா: பாம்பு?

சார்: ...நாலு.

(கணவன்மாரின் நினைவாற்றலைப் பற்றி இரண்டாம் மாடி மருமகள் ஏதோ சொன்னார். அரிவாள்மணைச் சத்தத்தில் காதில் விழவில்லை.)

மீன்காரம்மா: எங்க ஆயா ஒரு கத சொல்லும். பழையனூர் நீலி. இப்ப வர்ற பாம்புங்கல்லாம் அவ காலத் தொட்டுக் கும்புடணும்.

சார்: திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூர். சம்பந்தர் பாடின திருவாலங்காட்டுத் தேவாரத்துலயே அந்த வஞ்சத்தைப் பத்திக் குறிப்பு இருக்கே.

மீன்காரம்மா: அதெல்லாம் எனக்குத் தெரியாது. செட்டியாரு பொண்டாட்டிய கொன்னுட்டான். அவ பேயா வந்தா. கள்ளிக் கட்டைய ஒடச்சா, அது கொழந்தையாச்சு. இடுப்புல வச்சுக்கினு பஞ்சாயத்துக்கு வந்து அழுதா பாரு ஒரு அழுகை! ‘என் புருசன் என்ன வாணாங்கறான்’னு. கொழந்தைய எறக்கி உட்டா நேராப் போயி அவன அப்பான்னு கட்டிக்கிச்சு. எழுபது பேரும் நம்பிட்டாங்க.

சார்: எழுபது வேளாளரும் ஜாமீன். ‘உன் உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்களும் உயிரை விடுறோம்’னு எழுதாத பத்திரம். விடிஞ்சு பார்த்தா செட்டி பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்குத் தீயில இறங்கினாங்க. நீலிக்கண்ணீர்ங்கிற சொல்லே அதுலேருந்து வந்ததுதான்.

மீன்காரம்மா: ஒரே ராவு சார்! வந்தா, அழுதா, முடிச்சா. ஆராச்சும் சட்டம் மீறினாங்களா? பேய் பேய் மாரியே நடந்துச்சு, பஞ்சாயத்து பஞ்சாயத்து மாரியே நடந்துச்சு. இன்னிக்கு எடுத்தான்னு வை, கொழந்தைய எறக்கி உடறதுக்கே ரெண்டு வாரம். ஒவ்வொரு மூஞ்சியா மூணு மூணு தபா காட்டுவான். எழுபது மூஞ்சி! ஆடிலேர்ந்து தீபாவளி வரைக்கும் இழுத்துருவான்.

சார்: எத்தனை சொன்னாலும் உயிரினம் உருமாறாதும்மா. மகுடி ஊதினா பாம்பு ஆடுங்கிறதே தப்பு. அது ஊதுறவனோட கை அசைவைப் பார்த்து ஆடுது. பாலும் அதுக்கு ஆகாரம் இல்லை. இதே ஈ.சி.ஆர்.ல நேரா போனா வடநெம்மேலி. 1978-லேருந்து இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு பிடிச்சு விஷம் எடுத்துக் குடுக்குது, பாம்புக்கடி மருந்துக்கு. அவங்கள்ல ரெண்டு பேருக்கு 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. டிவியில வர்ற மந்திரவாதி ஒருத்தனுக்காவது குடுத்தாங்களா?

மீன்காரம்மா: நல்லா குடுத்தாங்க. அவங்க புடிக்கறது நெஜப் பாம்பு. ஆனா உருமாறாதுன்னு மட்டும் சொல்லாத. இந்தா, கடம்பா. வலைல ஏறும்போது வந்து பாரு. செவப்பு, வெள்ள, பழுப்புன்னு பல்பு போட்டாப்ல மாறிக்கினே வரும்.

சார்: அது தோல்ல இருக்கிற நிறப்பையோட வேலை. அதைவிடப் பெரிய வித்தைக்காரன் இருக்கான். நீங்க பேய்க்கணவாய்னு சொல்றீங்களே, அந்த வகையில ஒண்ணு. 1998-ல இந்தோனேசியாவுல சுலவேசிக் கரையில கண்டாங்க. ஆறு கையைக் குழிக்குள்ள விட்டுட்டு, வரி போட்ட ரெண்டு கையை மட்டும் ரெண்டு பக்கமும் நீட்டும். பார்க்கிற மீனுக்கு அது அசல் கடல்பாம்பு!

மீன்காரம்மா: பேரே பேய்க்கணவா. அது பாம்பா மாறினா அறிவியலு. பாம்பு மாமியாரா மாறினா மூடநம்பிக்கையா?

சார்: அது மாறலைம்மா, நடிக்குது!

மீன்காரம்மா: சீரியல்லயும் நடிக்கத்தான் சார் செய்றாங்க.

(இந்த இடத்தில் சார் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். மூன்று வருடமாக அவருடைய வாதங்களைக் கேட்கிறேன். பை கைமாறினால் அவர் பேச்சை மாற்றப்போகிறார் என்று அர்த்தம்.)

சார்: நேத்து கடைசியில குகையில அடைச்சு வச்சிருந்த நிஜ மாமியாரை மீட்டு வந்தாங்களே, அந்த இடம் மட்டும் பரவாயில்லை. கொஞ்சம் உருக்கமா இருந்தது.

மீன்காரம்மா: அங்கதான் சார் எனக்கு பேஜாரா போச்சு. பாம்பு வந்து நின்னப்ப அதே மூஞ்சி, அதே கொரலு. இருந்தும் மூணு வாரமா மஞ்சத் தண்ணி தெளிச்சாங்க, கற்பூரம் காட்டினாங்க, கோயில் குளம்னு அலைஞ்சாங்க. நேத்து குகைலேர்ந்து வந்தது ஆரு? வேற பொம்பள! வேற மூஞ்சி, வேற கொரலு, ஒரு சாண் ஒசரம் கம்மி. கீழ எழுத்து ஓடுது, ‘இனி மாமியார் பாத்திரத்தில் இவருக்குப் பதில் இவர்’னு. புள்ள ஓடியாந்து ‘அம்மா’ன்னு கட்டிக்கினான். ஒரு சொட்டு மஞ்சத் தண்ணி தெளிச்சானா?

சார்: அது... பழைய நடிகைக்குக் கால்ஷீட் பிரச்சினையா இருந்திருக்கும். ஒப்பந்தம் முடிஞ்சிருக்கும். நிர்வாக விஷயம்.

மீன்காரம்மா: பாம்புக்கு அம்பத்தெட்டு கிலோ கணக்கு கேட்ட. இந்தம்மா பத்து கிலோ கொறஞ்சு வந்து நின்னப்ப ஏன் சார் வவுச்சரு கேக்கல?

சார்: எழுத்துல போட்டுட்டாங்களேம்மா.

மீன்காரம்மா: அவ்ளோதான். எழுத்துல போட்டா உனுக்குப் போதும். இந்த ஊரு 2011 வரைக்கும் பஞ்சாயத்து. அப்பால ஒரு போர்டு மாட்டினாங்க, மெட்ராஸ் கார்ப்பரேசன் ஆயிடுச்சு. அலைக்கு ஆரும் சொல்லல, அது பாட்டுக்கு வருது. அத்த உடு. இன்னா மீனு வேணும்?

சார்: வஞ்சிரம் ஒரு கிலோ. வறுக்க.

மீன்காரம்மா: மே மாசத்துல வஞ்சிரமா? தடைக்காலம் சார். பெரிய போட்டெல்லாம் கட்டிப் போட்டுகீது. எங்க ஃபைபர் போட்டுல கெடச்சது சங்கரா, கடம்பா, நெத்திலி.

சார்: நேத்து ராத்திரி ஓட்டல்ல வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டேனே! வட்டமா, இவ்வளவு கனமா.

மீன்காரம்மா: மேக்குக் கரையோரம் ஜூன் ஒண்ணுக்குத்தான் தடை. அங்கேர்ந்து ஐஸ் பெட்டில வந்திருக்கலாம். தோலு இருந்துச்சா?

சார்: மசாலாதான் இருந்தது.

மீன்காரம்மா: எலும்பு?

சார்: கவனிக்கலை. மெனு கார்டுல வஞ்சிரம்னு போட்டிருந்தது.

மீன்காரம்மா: எழுத்துல போட்டிருந்தாங்க.

சார் சங்கரா அரைக் கிலோ வாங்கினார். தலையோடு, தோலோடு, முழுசாக. தடைக்காலம் ஜூன் 14 வரை.