பொத்தானின் முதுகு: ஒரு மட்டாஞ்சேரி ஆய்வு

தொல்காப்பியர் பொத்தானைப் பற்றி ஒரு சூத்திரம்கூடச் செய்யவில்லை. பின்னால் வந்தவர்கள் இடைச்செருகலாகவாவது ஒன்றைச் சேர்த்திருக்கலாம். பொத்தானே ஓர் இடைச்செருகல் என்பதால் விட்டுவிட்டார்கள் போலும். அக்குறை இக்கட்டுரையால் நீங்குகிறது.

சொல்லாராய்ச்சியில் தொடங்குவது மரபு. 'பொத்தான்' என்பது போர்ச்சுக்கீசியர் நமக்குத் தந்த சொல். 1503-இல் கொச்சியில் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். மலையாளத்தில் பொத்தானுக்குக் 'குடுக்கு' என்றும் பெயர். சுருக்கு, சிக்கல் என்ற பொருளும் அதற்கு உண்டு. இந்தச் சிலேடையின் ஆழம், அதே கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்குள் கால் வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்க்கத்தான் போனேன். வழியில் ஒரு தாம்பாளம் நிறைய உலோகப் பொத்தான்கள். கடைக்காரர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். முகத்தில் ஒரு நங்கூரம், அதன்மேல் ஒரு கிரீடம்.

"சார், இது டச்சு கேப்டனோட கோட்டுல உள்ளதாக்கும். அசல் பித்தளை. எண்ணூறு ரூபாய்."

இனி ஆய்வு முறை. முதலில் கிரீடம். பழைய பிரிட்டிஷ் சீருடைப் பொத்தானில் கிரீடத்தின் வளைவு நடுவில் மேடாக எழும்பியிருந்தால் 1902 முதல் 1952 வரையிலான மன்னர் காலம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அரசி காலம். நம் பொத்தானில் மேடு. டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தது 1663-இல், ஆங்கிலேயரிடம் இழந்தது 1795-இல். ஆக, கேப்டன் குறைந்தது 107 ஆண்டு தாமதமாகக் கோட்டு மாட்டியிருக்கிறார்.

ஆனால் முகம் எதையும் சொல்லும். பொத்தானியலில் பிரமாணம் முதுகுதான். திருப்பினேன். 'ஃபர்மின், லண்டன்' என்று வட்டமாகப் பொறித்திருந்தது; 17-ஆம் நூற்றாண்டிலிருந்து பொத்தான் செய்யும் நிறுவனம். முகத்தகட்டின் விளிம்பை மடித்து முதுகுத்தகட்டைக் கவ்வ வைத்திருந்தார்கள். இந்த முறைக்கு பென்ஜமின் சாண்டர்ஸ் காப்புரிமை பெற்றது 1813-இல். சில பொத்தான்களின் முதுகில் 'மும்மடங்கு பொன்பூச்சு' என்றுகூட இருக்கும். இந்தப் பீற்றலைக் கட்டுப்படுத்த 1796-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. சட்டைப்பையிலிருந்த காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. இரும்புக்குப் பூச்சு பூசியதல்ல, பித்தளைதான். கடைக்காரர் சொன்னதில் மெய்யான பகுதி அது ஒன்றே.

நூற்றைம்பதுக்குப் படிந்தது.

ஆய்வேட்டுக்குப் புறத்தேர்வாளர் வேண்டுமல்லவா? பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியின் வேலி என்னும் பகுதியில் தோபிகானா இருக்கிறது. 1976-இல் கட்டியது. அங்கே வெளுப்பவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்கிறார்கள். கேப்டனின் பொத்தானை ஊரார் எல்லாம் முகத்தில் பார்த்திருப்பார்கள். முதுகைப் பார்த்தவர் வெளுத்தவர் மட்டுமே. எனவே இத்துறையில் மூத்த பரம்பரை அவர்களுடையது என்பது என் கருதுகோள்.

பெட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நீட்டினேன். கிரீடத்தைப் பார்க்கவில்லை. நேரே திருப்பி, பின்னாலிருந்த கம்பிக் காதை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"காது கெட்டியா இருக்கு தம்பி. தைக்கலாம்."

காது உடைந்த பொத்தானுக்குச் சேகரிப்பாளர்களிடமும் விலை சரிந்துவிடும். அவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பெரியவர் ஒரு நகத்தில் முடித்துவிட்டார்.

சேகரிப்பாளர்களின் இன்னொரு விதி: பழைய உலோகத்தில் படிந்த கருமையைத் துலக்கக் கூடாது, துலக்கினால் மதிப்புப் போச்சு. இவ்விதியை வீட்டில் அறிவிக்கும் முன்பே நான் குளிக்கப் போயிருந்தது ஆய்வின் குறைபாடு. வந்து பார்த்தால் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து, நேற்று வார்த்ததுபோல் ஜன்னலோரம் காய வைத்திருந்தாள் மனைவி.

"ஒன்னை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? சட்டைக்கு மீதி அஞ்சு எங்க?" என்றாள்.