பந்தாக உருண்ட சோகம்

அறிவியல் புனைகதைப் படங்களில் பிரம்மாண்டம் கூடினால் கதையின் கனம் குறையுமா? ‘எந்திரன்’ (2010) இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லும். முற்பாதியில், தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ரோபோ சிட்டி காப்பாற்றி, உடம்பில் துணியில்லாமல் ஊர் முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. உயிரைக் காக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு மானம் என்றால் என்னவென்று தெரியாது. கூனிக்குறுகி ஓடியவள் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். இதற்கு மேலும் ஒரு நாடகம் வேண்டுமா?

வேண்டும் என்று முடிவாயிற்று. ஏகப்பட்ட சிட்டிகள் ஒட்டிக்கொண்டு பந்தாகின்றன, பாம்பாகின்றன, ராட்சத மனிதனாகின்றன. சனா என்ற பெண்மீது கொண்ட காதலில் தோற்ற சிட்டி எடுத்த இத்தனை அவதாரங்களில் ஒன்றுக்காவது அழ வருமா என்றால், இல்லை. சண்டை சனாவுக்காகத்தான் என்பதே நடுவில் மறந்துவிடும், சனாவுக்கும் மறந்திருக்கலாம்.

பிறகு, சிட்டியைப் பிரித்துப்போடச் சொல்லி நீதிமன்ற உத்தரவு. சிட்டி தன் பாகங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிவைத்து விடைபெறுகிறது. குண்டில்லை, ஹெலிகாப்டர் இல்லை. தொண்டை அடைப்பது அங்கேதான். செலவும் அங்கே குறைவாகத்தான் ஆகியிருக்கும். அதனால்தானோ என்னவோ, அந்த வழியை யாரும் தொடரவில்லை.

இதன் தொடர்ச்சியாக 2018-இல் வந்த ‘2.0’ படத்தில், பறவைகளுக்காக மன்றாடித் தோற்று செல்போன் கோபுரத்தில் தூக்கு மாட்டிக்கொள்கிறார் முதியவர் பட்சிராஜன். அவருக்கு ஒதுக்கியது ஒரு பிளாஷ்பேக். செத்தபின் அவர் எடுக்கும், செல்போன்களால் ஆன ராட்சதப் பறவை வடிவத்துக்கோ மீதிப் படம் முழுவதும், அதுவும் 3டியில். துயரம் தட்டையாகத் தெரிந்தால் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளலாம்.