சின்னக் கண், பெரிய படிப்பு

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்த மகள் கண் மருத்துவம் படிக்கப் போகிறாளாம். இத்தனூண்டு கண்ணுக்கு மூன்று வருடப் படிப்பா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: 24 மில்லிமீட்டர்தான். ஆனால் உடம்பு முழுவதும் அதற்குள் தெரிகிறதே அம்மா! கத்தி வைக்காமல் ரத்தக் குழாய்களை நேரில் பார்க்க விழித்திரைதான் இடம். 1851-இல் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், அதைப் பார்க்கும் கருவியான ஆப்தல்மாஸ்கோப்பை அறிமுகப்படுத்தினார். இன்று சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அங்கேதான் கையும் களவுமாகப் பிடிபடுகின்றன.

படிப்பில் முதலில் ஒளியியல். ஒளியை வளைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் வேலை, லென்ஸுக்கு மிச்சம்தான். பிறகு கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப், அறுவை பழக ஆட்டுக் கண். புரை எடுக்கையில், தலைமுடியைவிட மெல்லிய லென்ஸின் பின்னுறை கிழியாமல் இருக்க வேண்டும்! கை வருமா என்று மகள் பயந்தால், முடக்குவாதத்தில் விரல்கள் கோணிய பிறகு கண் அறுவை கற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமியைச் சொல்லுங்கள். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். தயங்காமல் அனுப்புங்கள்.